ஓபர்கிரென்பாக்கில் வாழ்ந்ததற்கு முப்பது கேள்விகள்

இமெல்டா ஜேர்மனியில், ஓபர்கிரென்பாக் என்ற ஊரில், ஐந்து வருசமும் இரண்டு மாதமும் இருந்தவள். இதை அவள் சொன்னாள். அவளுடைய புருசன் எலியாஸ் சொன்னான். அந்த ஊரின் நானூற்றுப் பன்னிரண்டு பேரைக் கேட்டிருந்தால் அவர்களும் சொல்லியிருப்பார்கள். ஒஸ்லோவில் இருக்கிற முன்வதிவிடச் சான்றாய்வுப் பணிமனை மட்டும் சொல்லவில்லை. அது சொல்லாதவரைக்கும் அவள் அங்கே இருக்கவில்லை.

இந்தப் பணிமனையின் வேலை இதுதான்: நிரந்தர வதிவிடம் கேட்கிறவர் போன பதினைந்து வருசத்துக்குள் எந்தெந்த ஊரில் ஒரு வருசத்துக்கு மேல் இருந்தேன் என்று எழுதுகிறாரோ, அந்தந்த ஊரில் அவர் உண்மையாகவே இருந்தாரா என்று பார்ப்பது. எதற்காகப் பார்க்கிறார்கள் என்று தெரியாது. கேட்டவர்களின் கோப்புகள் 'மேலதிக ஆய்வு' என்று எழுதிய அலுமாரிக்குள் போனதால் மற்றவர்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

எலியாஸ் நோர்வேப் பிரசை, பஸ் ஓட்டுகிறான். மகள் யூலியாவும் பிரசை, ஆறு வயது, முதலாம் வகுப்பு. இமெல்டா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், நோர்வே மொழிச் சோதனை பாஸ் பண்ணியவள், வரி கட்டுகிறவள். அவளுடைய தற்காலிக விசா வைகாசியோடு முடிகிறது. பணிமனை 'இருந்தார்' என்று எழுதினால் அவள் இருப்பாள். 'இருக்கவில்லை' என்று எழுதினால் தகப்பனும் பிள்ளையும் ஒஸ்லோவில், தாய் வெளியில்.

கடதாசி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஓபர்கிரென்பாக்கை 2019இல் பக்கத்துப் பட்டினத்தோடு சேர்த்துவிட்டார்கள். பட்டினத்துக்கு எழுதினால், பழைய கிராமங்களின் பதிவேடுகளை அகரவரிசையில் கணினியில் ஏற்றுகிறோம், இப்போதுதான் மூன்றாம் எழுத்து, உங்கள் ஊரின் எழுத்து வர 2031 ஆகும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. சம்பளத் துண்டுகளில் அவள் வேலை செய்த உருளைக்கிழங்குச் சலாட் தொழிற்சாலையின் விலாசம்தான், அது வேறு ஊர். வீட்டுக்காரக் கிழவி கைப்பட எழுதிய கடிதத்தைப் பணிமனை திருப்பி அனுப்பியது. தனிநபர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லும் போக்குடையவர்கள் என்பதால் அவர்களுடைய கடிதங்கள் ஏற்கப்படுவதில்லையாம். எலியாசும் அவளும் அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில்தான் தாலி கட்டினார்கள். விவாகப் பதிவைக் காட்டினார்கள்.

"இது நீங்கள் அந்த ஊரில் நாற்பது நிமிடம் நின்றதற்கு நல்ல சான்று," என்றாள் பிரிவுத் தலைவி சிக்ரீட். "மிச்சம் ஐந்து வருடத்துக்குத்தான் எங்களுக்குச் சின்னச் சிக்கல்."

கடதாசி இல்லாதவர்களுக்குப் பணிமனை கண்டுபிடித்த வழி 'ஊரறிவு நேர்காணல்'. முப்பது கேள்வி. அந்த ஊரின் வரலாறு, அந்த ஊரின் அடையாளச் சின்னங்கள். ஊரில் இருந்தவருக்கு ஊர் தெரியும்தானே? அவ்வளவு நியாயமான யோசனை.

சிக்ரீட்டின் அறையில் மேசை நடுவில் ஒரு தொலைபேசி. அதற்குள் மொழிபெயர்ப்பாளர். இமெல்டாவுக்கு நோர்வே மொழி தெரியும், சான்றிதழும் இருக்கிறது. ஆனாலும் சட்டப் பாதுகாப்புக்காக மொழிபெயர்ப்பாளர் கட்டாயம். தொலைபேசியில் சாய் என்று ஒருவர், சென்னைக்காரர்.

"வணக்கம் மேடம். நான் சொந்தமா எதுவும் பேசக்கூடாது. அவங்க சொல்றத உங்களுக்கும், நீங்க சொல்றத அவங்களுக்கும் அப்படியே சொல்வேன். ஓகேங்களா?"

"ஓம்," என்றாள் இமெல்டா.

"ஓமா?"

"ஓமெண்டால் ஓம்தான் தம்பி. சொல்லுங்கோ."

முதலாவது கேள்வி. ஓபர்கிரென்பாக்கின் நடுவில் நிற்கும் லிண்டன் மரத்தடியில் நடந்த வரலாற்றுச் சம்பவம் என்ன?

இமெல்டா யோசித்தாள். "அதுக்குக் கீழைதான் பஸ் நிக்கும். கையைக் காட்டாட்டில் நிக்காது. ரெண்டு தரம் விட்டிட்டுப் போட்டான்."

சாய் மொழிபெயர்த்தார். சிக்ரீட் பிழை என்று ஒரு சின்னப் புள்ளடி போட்டாள்.

கோயில் கோபுரம் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது?

"அண்ணாந்து பார்க்கேல்லை. பின்னாலை இருந்து மூண்டாம் வாங்கிலை ஒரு ஆணி நீட்டிக்கொண்டு நிக்கும். என்ரை ரெண்டு பாவாடை கிழிஞ்சது."

புள்ளடி.

ஊர்க் கிணற்றின் மேல் என்ன உருவம் இருக்கிறது?

"குடிக்கக் கூடாதெண்டு எழுதின பலகை."

இரும்பு வாத்து என்பதுதான் விடை. புள்ளடி. இப்படியே போனது. ஊரில் கடை இல்லை, வியாழக்கிழமை இறைச்சிக்கார வான் வரும், வானுக்குப் பின்னால் நாய் ஒன்று ஓடும், நாயின் பெயர் பென்னோ என்றெல்லாம் இமெல்டா சொன்னாள். ஐந்து வருசம் வெள்ளாப்பில் போய்ப் பொழுதுபட வந்தவள் ஒரு ஊரைப் பற்றி எவ்வளவு அறிவாளோ அவ்வளவும் சொன்னாள். முப்பதுக்கு நாலு வந்தது.

சிக்ரீட் பேனையை மூடிவிட்டு அன்பாகச் சிரித்தாள். அந்தப் பணிமனையில் எல்லாரும் அன்பானவர்கள். "நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. நாங்கள் மனிதரைச் சந்தேகிக்கிற அலுவலகம் இல்லை. மனிதரை நாங்கள் பார்ப்பதேயில்லை. விடைகளை மட்டும்தான் பார்க்கிறோம். அதுதான் எங்கள் நேர்மை."

சாய் அதை அப்படியே தமிழில் சொன்னார். தமிழில் கேட்கும்போது இன்னும் அன்பாக இருந்தது.

மூன்று மாதத்தில், சோதனைக்கு உட்காருவது போல, இரண்டாம் தரம் தோற்றலாம். தோற்றலாம் என்ற சொல் காதில் விழுந்ததும் நம்முடைய சனத்துக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து எலியாஸ் விசயத்தைச் சொன்னதுதான் தாமதம், ஜோர்ஜ் மாஸ்டர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் பெயர் போன ரியூசன்காரர். இப்போது ஸ்ட்ரோம்மனில் ஒரு கடைத்தொகுதியின் பின்பக்கத்தில் பெட்டி அடுக்குகிறார். முப்பது வருசமாக அடுக்கினாலும் அவருடைய கண் இன்னும் கரும்பலகையைத்தான் தேடும்.

"பாடத்திட்டம் இருக்கோ?" என்று கேட்டார்.

"ஊர்தான் மாஸ்டர் பாடத்திட்டம்," என்றாள் இமெல்டா.

"பாஸ்ற் பேப்பர்?"

"என்னட்டைக் கேட்டது மட்டும்தான்."

"காணும் பிள்ளை. ஒரு பேப்பர் இருந்தால் காணும்."

மாஸ்டர் இணையத்தில் துழாவி 'ஓபர்கிரென்பாக்: 850 ஆண்டுகள்' என்ற விழா மலரைப் பிடித்தார். அறுபத்து நாலு பக்கம், இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் எழுதியது. அந்த ஊரைப் பற்றி உலகத்தில் இருக்கிற ஒரே புத்தகம் அதுதான். ஆகவே பணிமனையும் அதிலிருந்துதான் கேட்டிருக்க வேண்டும். மாஸ்டர் அதைக் கரைத்துக் குடித்து இருநூற்றுப் பன்னிரண்டு வினாவிடையாக்கி, ரியூட் என்று தாள்தாளாக அடித்து, சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் வகுப்பு வைத்தார்.

ஒரு ஊருக்கு எண்ணூற்றைம்பது வருசத்தில் எவ்வளவு நடந்துவிடும்? 1174இல் ஒரு மடத்துக்கு வருசத்துக்கு மூன்று வாத்து கொடுக்க வேண்டுமென்று ஒரு ஓலையில் எழுதப்பட்டதால் ஊர் வரலாற்றுக்குள் நுழைந்தது. 1634இல் சுவீடன்காரர் வந்து எரித்தார்கள். 1752இல் அவ்வழியால் போன ஆயர் ஒருவரின் குதிரைக்கு லாடம் கழன்று, அவர் லிண்டன் மரத்தடியில் ஒன்றரை மணித்தியாலம் நின்றார். அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தாலும் தபாலதிபருக்குப் பக்கம் போதாமல் போயிருக்கும்.

"ஆயற்றை குதிரைக்கு எந்தக் கால் லாடம்?" என்று மாஸ்டர் கேட்பார்.

"பின்னங்கால், இடது," என்று வகுப்பு ஒன்றாகச் சொல்லும்.

வகுப்பு என்றால், இமெல்டா மட்டும் இல்லை. இரண்டாம் கிழமை ஏழு பேர். நாலாம் கிழமை பத்தொன்பது பேர். அதில் பதினாலு பேர் ஜேர்மனியை வரைபடத்தில் கண்டதோடு சரி. "ஆருக்குத் தெரியும், நாளைக்கு எங்களையும் கேட்டால்?" என்று ராசமலர் அக்கா தன்னுடைய இரண்டு பிள்ளைகளையும் கொண்டுவந்து முன்வாங்கில் இருத்தினாள். பிள்ளைகள் கேட்டுக்கேட்டுக் கடைசியில் இமெல்டாவைவிடக் கூடப் புள்ளி எடுத்தார்கள். "அங்கை இருந்தவவுக்கு இருபத்திரெண்டு, என்ரை பெட்டைக்கு இருபத்தாறு," என்று ராசமலர் அக்கா ரி-பான ரயிலில் நாலு பேர் கேட்கச் சொன்னது இமெல்டாவின் காதுக்கு வந்தது. அன்றைக்கே அவள் சமையலறைக் கதவெல்லாம் ரியூட்டை ஒட்டினாள்.

"போன முறை கிணத்திலை உருவம் மட்டும்தான் வந்தது. அதாலை இந்த முறை முழுக் கிணறும் வரும்," என்றார் மாஸ்டர். "கிணத்தை விடாதை பிள்ளை."

கிணறு வந்தது.

இமெல்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஓபர்கிரென்பாக்கின் கிணற்றைப் பின்வரும் ஐந்து தலைப்புகளின் கீழ் நோக்கலாம். ஒன்று, அமைவிடம். இரண்டு, தோற்றம். மூன்று, இரும்பு வாத்தும் அதன் முக்கியத்துவமும்…"

சாய், "மேடம், கட்டுரையா சொல்றாங்க. அப்படியே சொல்லவா?" என்று இரண்டு மொழியிலும் கேட்டார்.

முப்பதுக்கு முப்பது. சுவீடன்காரர் எரித்த கேள்விக்கு வந்தபோது அவர்களோடு பரம்பரைப் போட்டியுள்ள நோர்வேக்காரியான சிக்ரீட்டின் முகத்தில் ஒரு சந்தோசம் கூட வந்தது. இருபத்தேழாவது கேள்வியில் பணிமனையின் விடைத்தாளில் இருந்த வருசம் பிழை என்று இமெல்டா காட்டினாள். மலரின் நாற்பத்தோராம் பக்கம். சிக்ரீட் பார்த்துவிட்டுத் திருத்தினாள். அன்று வீட்டில் எலியாஸ் ஆட்டிறைச்சி வாங்கிவந்து காய்ச்சினான்.

ஐந்து கிழமையில் பணிமனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

"உங்கள் விடைகள் எங்களை மிகவும் கவர்ந்தன," என்றாள் சிக்ரீட். "அதனால்தான் கவலைப்பட்டோம். அறிவியல் முறைப்படி ஒப்பிட்டுப் பார்க்க, இதே முப்பது கேள்வியை ஓபர்கிரென்பாக் வாசிகள் இருபது பேருக்குத் தபாலில் அனுப்பினோம். பதினேழு பேர் பதில் எழுதினார்கள். சராசரி ஏழு. அந்த மலரை எழுதிய தபாலதிபர் பத்தொன்பது. நீங்கள் முப்பது." அவள் இரண்டு கையையும் விரித்தாள். "அந்த ஊரில் இருந்த ஒருவருக்கு இவ்வளவு தெரிந்திருக்க முடியாது. புள்ளிவிபரப்படி நீங்கள் அந்த ஊர்ப்பக்கமே போகாதவர்."

"அப்ப முதல் தரம் நாலு எடுத்தனானே?"

"அது மிகக் குறைவு. அதுவும் போகாதவரின் புள்ளிதான்."

இதைச் சாய் தமிழில் சொன்னார். அவர் சொந்தமாக எதுவும் பேசக்கூடாது. செருமினார், அவ்வளவுதான்.

கடைசிச் சந்தர்ப்பம், ஆறு கிழமையில். மாஸ்டரிடம் போய்ச் சொன்னபோது அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"ஏழு எடுக்க வேணும் எண்டு சொல்லுறியோ?"

"ஏழளவிலை மாஸ்டர். மற்றதெல்லாம் பிழை விட வேணும். அந்த ஊர்ச்சனம் விடுற பிழை."

"நாப்பது வருசம் பிள்ளை. ஒரு பிள்ளைக்கும் நான் பிழை படிப்பிக்கேல்லை."

ஆனாலும் படிப்பித்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துப் படிப்பித்தார். 'வாத்து' என்று வாய்க்கு வந்ததை விழுங்கி 'சேவல்' என்று சொல்லவும், 1634 என்று தெரிந்தும் "ஏதோ யுத்தம்" என்று இழுக்கவும், தோளைக் குலுக்கவும் பழக்கினார். ராசமலர் அக்கா தன் பிள்ளைகளை வகுப்பால் நிறுத்திவிட்டாள். பிழை பழகினால் பள்ளிக்கூடத்திலும் வந்துவிடுமாம்.

ஒருநாள் இமெல்டா முதியோர் இல்லத்தில் படுக்கை விரித்துக்கொண்டு நிற்கையில், இந்த ரியூட் எல்லாவற்றுக்கும் முன்னால் தனக்குத் தெரிந்த ஓபர்கிரென்பாக்கை நினைத்துப் பார்ப்போம் என்று பார்த்தாள். உண்மையான விடை அதுதானே, அதிலிருந்து ஏழு வராதா? வீட்டுக்காரக் கிழவியின் குசினியை நினைத்தாள். 1752 வந்தது. தான் நின்ற பஸ் தரிப்பை நினைத்தாள். அங்கே ஆயர் நின்றார், பின்னங்கால், இடது. தாலி கட்டிய கோயிலை நினைத்தாள். கோபுரம் வடமேற்காக ஒரு மீற்றர் நாற்பது சென்ரிமீற்றர் சாய்ந்திருந்தது. எலியாஸ் அன்றைக்கு என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தான் என்று தெரியவில்லை. படுக்கை விரிப்பைப் பிடித்தபடி அவள் நின்ற நிலையைப் பார்த்து, படுக்கைக்குரிய கிழவர் மணியை அழுத்தினார்.

அன்று வேலையால் வந்து எலியாசைக் கேட்டாள். "இஞ்சேருங்கோ, எங்கடை கலியாணத்துக்கு என்ன சேட்டுப் போட்டனீங்கள்?"

"ஏன், அதுவும் கேக்கிறாங்களே?"

"இல்லை. நான் கேக்கிறன்."

"நீலம். நீர்தான் எடுத்துத் தந்தனீர்."

"ஓம் என்ன," என்றாள் இமெல்டா. அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அவன் சொன்னதை அவள் பாடமாக்கிக்கொண்டாள்.

மூன்றாம் நேர்காணலில் அவள் சரியாக ஏழு எடுத்தாள். முடிவு தபாலில் வந்தது. 'சராசரி என்பது கணக்கு, மனிதர் அல்ல. பதிலளித்த பதினேழு வாசிகளில் ஒருவர்கூடச் சரியாக ஏழு பெறவில்லை. மேலும், விண்ணப்பதாரியின் ஊரறிவு நாலு, முப்பது, ஏழு என்று நிலையின்றி அலைகிறது. ஓர் ஊரின் வரலாறு இவ்வளவு வேகமாக மாறுவதில்லை. ஆகவே விண்ணப்பதாரி ஓபர்கிரென்பாக்கில் வசிக்கவில்லை என்று கொள்ளப்படுகிறது.' கீழே இன்னொரு பந்தி. 'இருபத்தொரு நாட்களுக்குள் விண்ணப்பதாரி நோர்வேயை விட்டு, தான் கடைசியாக வசித்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். இடம்: ஓபர்கிரென்பாக், ஜேர்மனி.'

எலியாஸ் இரண்டு தரம் வாசித்தான். பிறகு எழும்பி நின்று வாசித்தான். "இமெல்டா, இது காணும். அவங்களே எழுதிப்போட்டாங்கள். நீர் அங்கை இருந்தனீர் எண்டு அவங்களே எழுதிப்போட்டாங்கள்."

அடுத்தநாள் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டுப் போனார்கள். யூலியாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டபோது, மத்தியானம் ஆர் கூட்டிப்போக வருவது என்று பிள்ளை கேட்டாள். "அம்மா," என்று இமெல்டா சொன்னாள். அதை எத்தனை நாளைக்குச் சொல்லலாம் என்று அவளுக்குத் தெரியும்: இருபது.

சிக்ரீட் கடிதத்தைக் கவனமாக வாசித்தாள். தன் கையொப்பத்தைக்கூடச் சரிபார்த்தாள்.

"சரியாகத்தான் இருக்கிறது. இந்தப் பந்தி உங்களை எங்கே அனுப்புவது என்பதைச் சொல்கிறது. நீங்கள் எங்கேயிருந்து வந்தீர்கள் என்பதை இல்லை. அது இரண்டாம் மாடி. நாங்கள் நாலாம் மாடி."

"நான் இருக்காத ஊருக்கு என்னை என்னெண்டு திருப்பி அனுப்புவியள்?"

"கப்பலில்," என்றாள் சிக்ரீட். "ஜேர்மனியில் கீல் துறைமுகத்துக்குத் தினமும் கப்பல் போகிறது."

இமெல்டா மேசையின் விளிம்பைப் பிடித்தாள். "எனக்கு ஆறு வயசுப் பிள்ளை இருக்கு," என்று நோர்வே மொழியில் சொன்னாள். சட்டப் பாதுகாப்புக்காகச் சாய் அதையும் நோர்வே மொழிக்கு மொழிபெயர்த்தார்.

சிக்ரீட் கல்மனசுக்காரி இல்லை. அவள் கண் கலங்கியது. இழுப்பறையைத் திறந்து ஒரு இளநீலக் கடதாசியை எடுத்தாள். "உண்மையில் இதை நாங்கள் முதலே சொல்வதில்லை, ஆட்கள் தவறாகப் பயன்படுத்திவிடுவார்கள். எளிய பாதை என்று ஒன்று இருக்கிறது. எங்கள் வேலை நீங்கள் முன்பு இருந்த இடத்தை உறுதி செய்வது. முன்பு எங்கேயும் இருக்காதவருக்கு உறுதி செய்ய ஒன்றுமில்லை. கோப்பு அன்றைக்கே மூடப்படும். நீங்கள் புது விண்ணப்பதாரியாக ஒஸ்லோவிலேயே இருக்கலாம். காத்திருப்புக் காலம் மட்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும்."

கடதாசியில் இரண்டே வரி. 'நான் ஓபர்கிரென்பாக்கில் ஒருபோதும் வசிக்கவில்லை. இதற்கு முன் நான் கூறியவை உண்மையல்ல.' கீழே கையொப்பம், திகதி.

"அப்ப அந்த அஞ்சு வருசமும் நான் எங்கை இருந்தனான்?"

"அதற்கு இந்தப் படிவத்தில் இடம் விடவில்லை," என்றாள் சிக்ரீட்.

இமெல்டா எலியாசைப் பார்த்தாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கப்பலிலும் ரயிலிலும் பஸ்ஸிலுமாக அந்த ஊருக்கு அவளைப் பார்க்க வந்தவன் அவன். வந்து வந்து அவளைக் கலியாணம் கட்டியவன்.

"போட்டுவிடும், இமெல்டா," என்றான். அவன் நிலத்தைப் பார்த்துச் சொன்னான். "பிள்ளைக்கு ரெண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும்."

அவள் பேனையை எடுத்தாள். பொய் என்று ஒன்றுக்குத் தன் கையால் கையெழுத்து வைப்பது அவளுக்கு அதுதான் முதல் தரம். பொய்தானா என்று நினைத்துப் பார்க்க ஒருகணம் நின்றாள். ஒரு வாங்கு, ஒரு குசினி, ஏதாவது ஒன்று வந்து 'இல்லை, நீ இருந்தாய்' என்று சொல்லட்டும் என்று நின்றாள். மூன்று வாத்து வந்தது. குதிரை வந்தது.

கையெழுத்து வைத்தாள்.

சிக்ரீட் கடதாசியை வாங்கி, வாசிக்காமலே முத்திரை குத்தினாள். விடைத்தாள் இல்லை, தபாலில் பதினேழு பேரைக் கேட்கவில்லை, நாலாம் மாடியா இரண்டாம் மாடியா என்று பார்க்கவில்லை. ஒரு நிமிசம் கூட ஆகவில்லை.

"இதுக்குச் சான்று வேண்டாமோ?" என்று இமெல்டா கேட்டாள்.

சாய் மொழிபெயர்த்தார். சிக்ரீட் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். இமெல்டாவுக்கு அது விளங்கிவிட்டது. ஆனால் விதிப்படி அவள் தொலைபேசி பேசும்வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

"இதுல போய் யாராவது பொய் சொல்வாங்களான்னு அவங்க கேக்கறாங்க மேடம்," என்றார் சாய்.